கப்பலிலிருந்து மனைவிக்குக் கடிதம்: என்ன எழுதுவது, யார் கையில் சேர்வது?

நங்கூரம்

வணக்கம். இரும்புத்தாது ஏற்றும் கப்பல் ஒன்றில் செகண்ட் ஆபீசராக வேலை செய்கிறேன். ஊர் தூத்துக்குடி. திருமணத்துக்குப் பிறகு இதுதான் முதல் ஒப்பந்தம். மனைவி என் பெற்றோருடன் இருக்கிறாள். பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியை.

கப்பலில் இணையம் உண்டு, நாள்தோறும் பேசுகிறோம். ஆனால் பேச்சு காஸ் சிலிண்டரில் தொடங்கி, அம்மாவின் மாத்திரை, வீட்டுக் கடன் தவணை என்று போய் முடிந்துவிடுகிறது. அவள் பக்கம் கூடத்தில் எல்லோரும் இருப்பார்கள். என் பக்கம் வாட்ச், அதாவது கப்பலைக் கவனிக்கும் முறைப்பணி, முடிந்து கண் சொக்கும் நேரம். "நீங்கள் வீட்டோடுதான் பேசுகிறீர்கள், என்னோடு பேசுவதில்லை" என்று போன வாரம் சொன்னாள். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. பிறகு, "காகிதத்தில் ஒரு கடிதம் எழுதுங்களேன்" என்றாள்.

பிரேசிலில் சரக்கேற்றி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு சீனாவுக்குப் போகிறோம். ஒரு மாதத்துக்கு மேல் கரை கிடையாது. எழுத நேரம் இருக்கிறது. என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. இன்னொன்று, எங்கள் வீட்டில் எந்தத் தபால் வந்தாலும் அப்பா பிரித்துவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வீட்டு வழக்கம் அப்படி. அவள் முதலில் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரைன்கரை

தம்பி, நான் ஜெர்மனியில் டூசல்டார்ஃபில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். உங்கள் ஆசையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் காகிதம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. சீனத் துறைமுகத்தில் போடும் கடிதம் ஊர் போய்ச் சேரும்போது நீங்கள் அடுத்த கடலில் இருப்பீர்கள். நீளமான மின்னஞ்சல் எழுதுங்கள். அவருடைய தொலைபேசிக்கு நேராகப் போகும், மாமனார் பிரிக்க மாட்டார், உடனே பதிலும் வரும். நானும் மனைவியும் அப்படித்தான் எழுதிக்கொள்கிறோம். கடிதத்தின் உயிர் எழுத்தில் இருக்கிறது. தாளில் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை.

கடலோரத்தாள்

நங்கூரம் தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கீழக்கரைக்காரி. என் கணவர் 1980களில் துபாயில் இருந்தார். அப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆளாவது வளைகுடாவில் இருப்பார்.

கடிதம் மாமனார் பெயருக்குத்தான் வரும். மேலே பிஸ்மில்லாவுக்குப் பதிலாக 786, பிறகு எல்லோருக்கும் ஸலாம், பிறகு நலம், நலமறிய ஆவல். பணம் யார் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறது, அதில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு. கடைசி வரியில் என் பெயர் வரும், "அவளையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்லவும்" என்று. மாமனார் அதைத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். கதவுக்குப் பின்னால் நின்று அந்த ஒரு வரிக்காகக் காத்திருப்பேன்.

நீல நிற ஏரோகிராமில் வந்தால் அவ்வளவுதான். ஒரே தாளை மடித்து ஒட்டுவது அது. உள்ளே வேறு எதையும் வைக்கக் கூடாது என்பது விதி. எனக்கென்று தனித்தாள் வைக்க வழியில்லை. அதனால் அவர் கொஞ்ச காலத்தில் உறைக்கு மாறினார். உள்ளே இரண்டு தாள். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று நாலாக மடித்து, பசை தடவி, மேலே என் பெயர் எழுதியிருக்கும். மாமனார் அந்த மடிப்பைத் தொடாமல் மாமியிடம் கொடுப்பார், மாமி என்னிடம் கொடுப்பார். ஒருநாள்கூட அதை யாரும் பிரித்ததில்லை. பெயர் எழுதி ஒட்டியிருந்தால் பெரியவர்கள் மதித்தார்கள்.

எனவே உங்கள் அப்பாவிடம் ஒளிக்க வேண்டாம். அவருக்கும் ஒரு தாள் எழுதுங்கள். மகனிடமிருந்து தனக்கென்று கடிதம் வந்த மனிதர், மருமகளின் தாளைத் தேட மாட்டார்.

ரைன்கரைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. எங்களுக்குக் கேசட்டும் வந்தது. குரலைப் பதிந்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். குரல் கேட்கிறது என்பதில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வீட்டில் டேப் ரெக்கார்டர் ஒன்று, அது கூடத்தில் இருந்தது. அவர் எனக்கென்று பேசினால் அதைக் கூடமே கேட்கும். தாளை மட்டும்தான் நான் தனியாக வைத்துக்கொள்ள முடிந்தது. இன்றும் அந்தத் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன.

ரைன்கரை

அக்கா, நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். தனிமை கிடைப்பதற்கே தாள் உதவியது என்று நான் யோசிக்கவில்லை. ஆனால் இன்று அவரவர் கையில் தொலைபேசி இருக்கிறதே. அப்போது தாள் கொடுத்த தனிமையை இன்று அதுதான் கொடுக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன்.

கரையில்_நான்

இல்லை. என் கணவர் சரக்குக் கப்பலில் சீஃப் எஞ்சினியர். திருமணம் ஆனதிலிருந்து இதே வாழ்க்கை. என் தொலைபேசியில்தான் பால் கணக்கு, பிள்ளையின் பள்ளிக் குழு, வங்கிச் செய்தி எல்லாம் வருகின்றன. அவருடைய அன்பான நாலு வரியும் அவற்றுக்கு நடுவே வந்து, மேலே ஏறிப் போய்விடும். திரும்பத் தேடினால் கிடைக்கும், தேட மாட்டோம். கடிதம் மேசையில் கிடக்கும். கண்ணில் படும்போதெல்லாம் எடுத்துப் படிக்கலாம்.

நங்கூரம், என்ன எழுதுவது என்று கேட்டீர்கள். கடிதம் வாங்குகிறவளாகச் சொல்கிறேன். "உன்னை நினைக்காத நேரமில்லை" என்று எழுதாதீர்கள். அதை யாரும் எழுதலாம், எனக்கு அதில் பிடிமானமே இல்லை. எந்த நேரத்தில் நினைத்தீர்கள், அப்போது கையில் என்ன வேலை இருந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள், அதை எழுதுங்கள். செகண்ட் ஆபீசர் என்றால் பன்னிரண்டு முதல் நாலு வரை வாட்ச், பகலிலும் இரவிலும். நடு இரவில் கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜில் விளக்கை அணைத்துவிட்டு நிற்பீர்கள். அந்த இருட்டில் என்ன தெரியும், கூட நிற்கும் மாலுமி எந்த ஊர், அவர் என்ன பேசுவார், தேநீர் யார் போடுவது? உங்கள் மனைவி உங்களைக் கற்பனை செய்து பார்க்க அவளுக்கு ஓர் இடம் வேண்டும். இடமே தெரியாமல் ஆளை எப்படி நினைத்துக்கொள்வது?

என் கணவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம், கப்பல் கடிகாரத்தைப் பற்றியது. மேற்கே போகப் போக இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்களாம். "இன்று எங்களுக்கு இருபத்தைந்து மணி நேரம். அந்த ஒரு மணியை உனக்கு எழுதுவதற்கு வைத்துக்கொண்டேன்" என்று எழுதியிருந்தார். காதல் என்ற சொல்லே அதில் இல்லை.

கேப்டன்_ஓய்வு

மேலே எழுதிய சகோதரி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் சில நடைமுறை விஷயங்களைச் சேர்க்கிறேன்.

நான் கடலுக்குப் போன காலத்தில் மனைவியிடம் பேச வேண்டுமென்றால் ரேடியோ டெலிபோன். இங்கிலாந்தின் போர்ட்டிஸ்ஹெட் ரேடியோ போன்ற கரை நிலையங்கள் வழியாக இணைப்புக் கிடைக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஓவர்" சொல்ல வேண்டும். அந்த அலைவரிசையில் காத்திருக்கும் கப்பல்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படி இருக்கும்போது ஒருவன் மனைவியிடம் என்ன பேசுவான்? செயற்கைக்கோள் தொலைபேசி பரவிய பிறகு போர்ட்டிஸ்ஹெட் 2000-இல் மூடப்பட்டது. இன்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் திருத்தம், 2024 டிசம்பர் 23 முதல், முடிந்தவரை கப்பலில் இணைய வசதி தரச் சொல்கிறது. நல்ல காலம். எங்களுக்குக் கடிதம் ஒன்றுதான் கதி.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கடலில் எழுதும் கடிதங்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் போடுங்கள். வேறு வேறு துறைமுகத்தில் போடும்போது முன்பின்னாகத்தான் போய்ச் சேரும். தேதியோடு நண்பகல் நிலையையும், அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும், எழுதுங்கள். அவர் ஆசிரியை என்கிறீர்கள், வரைபடத்தில் வைத்துப் பார்ப்பார். துறைமுகத்தில் இறங்க முடியவில்லை என்றால் துறைமுகத்தில் கப்பலின் வேலைகளைப் பார்க்கும் ஏஜென்டிடம் கொடுக்கலாம். அதைவிட நம்பிக்கையான வழி மாலுமிகள் மையம். அவற்றை நடத்தும் கிறிஸ்தவத் தொண்டு அமைப்புகளில் மிஷன் டு சீஃபேரர்ஸ் 1856-இல் தொடங்கியது. ஸ்டெல்லா மாரிஸ் 1920-இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. இவர்களுடைய தொண்டர்கள் பல துறைமுகங்களில் கப்பலுக்கே ஏறி வருவார்கள். கடிதத்தை வாங்கிக்கொண்டு போய்த் தபாலில் சேர்ப்பார்கள். விசா இல்லாமல் அமெரிக்கத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்க முடியாமல் இருந்த எத்தனையோ பையன்களின் கடிதங்களை அவர்கள் கையில்தான் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் எழுதாதீர்கள். புயல், என்ஜின் கோளாறு, விபத்து. நீங்கள் மறந்துபோன பிறகு அந்தக் கடிதம் வீட்டுக்குப் போகும். அவர் அன்றைக்கு நடந்ததுபோல நடுங்குவார்.

கரையில்_நான்

கேப்டன் ஐயா, உங்கள் அனுபவத்தின் முன் பணிவோடு சொல்கிறேன், இதில் நீங்கள் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

நாங்கள் இப்போது கப்பலை வரைபடத் தளங்களில் பார்க்கிறோம். கரைக்கு அருகே இருக்கும்வரை புள்ளி நகரும். கப்பலின் சிக்னலை வாங்கும் கரையிலுள்ள ஏற்பிகளின் எல்லையைத் தாண்டினால் புள்ளி அப்படியே நின்றுவிடும். செயற்கைக்கோள் வழியாகப் பார்ப்பதற்குக் கட்டணம். இது தெரியாத காலத்தில், நடுக்கடலில் நின்றுபோன புள்ளியைப் பார்த்துக்கொண்டு நான் எத்தனை இரவு உட்கார்ந்திருந்தேன் என்று அவருக்கே தெரியாது. கேட்டால் "ஒன்றுமில்லை, எல்லாம் நலம்" என்பார். அதே வார்த்தை ஒவ்வொரு முறையும் வந்தால் அதற்குள் எதையும் ஒளிக்கலாம் என்று மனம் நினைக்கத் தொடங்கும். பிறகு ஒரு கடிதத்தில் அரபிக் கடலில் பருவமழைக் காலத்துக் கொந்தளிப்பைப் பற்றி முழுதாக எழுதினார். சமையல்காரர் பாத்திரங்களைக் கட்டி வைத்தது, தான் மெத்தையைச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே மடித்துப் போட்டுப் படுத்தது எல்லாம். கடைசியில், அமைதியான கடலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன் என்றும் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகுதான் அவருடைய "நலம்" என்ற சொல்லை என்னால் நம்ப முடிந்தது.

கேப்டன்_ஓய்வு

படித்தேன், சகோதரி. எங்கள் தலைமுறை மறைப்பதைப் பொறுப்பு என்று எண்ணியது. என் மனைவியிடமும் இதைப் படித்துக் காட்டினேன். அவர் உங்கள் பக்கம்தான். புயல் கடந்த பிறகு எழுதலாம், கடந்துவிட்டது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த அளவுக்கு வருகிறேன்.

ஆர்எம்எஸ்_பெரியவர்

ரயில்வே மெயில் சர்வீஸில் கடிதங்களை ஊர்வாரியாக வகைப்படுத்தியே ஓய்வுபெற்றவன் நான். அன்பைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், உறையைப் பற்றி நான் சொல்கிறேன். சரியாக எழுதாத உறையால் எத்தனையோ நல்ல கடிதங்கள் வழியிலேயே நின்றுவிடுகின்றன.

நாட்டின் பெயர் கடைசி வரியில், ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டு ஊழியர் பார்ப்பது அதை ஒன்றைத்தான். அதற்கு மேல் வரியில் ஊரும் ஆறு இலக்கப் பின்கோடும். 1972 ஆகஸ்ட் 15 முதல் இந்த எண் இருக்கிறது. முதல் இலக்கம் 6 என்றால் கடிதம் தமிழகமும் கேரளமும் அடங்கிய மண்டலத்துக்கு. மற்ற முகவரியைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் ஆங்கிலத்திலும் சேர்த்து எழுதுவதுதான் பாதுகாப்பு, ஏனெனில் சென்னையில் இறங்காமல் மும்பை வழியாகவோ டெல்லி வழியாகவோ கடிதம் நாட்டுக்குள் வரக்கூடும்.

உள்ளே ரூபாய் நோட்டு, நாணயம் வைக்காதீர்கள். சாதாரணக் கடிதத்தில் அவற்றை அனுப்பத் தடை உண்டு. விதை, செடியின் துண்டு போன்றவையும் வேண்டாம், தாவரத் தடைக்காப்பு விதிகளில் மாட்டும். பிரிட்ஜிலிருந்து பார்த்ததைக் கோட்டோவியமாக வரைந்து அனுப்புங்கள், அதற்கு எந்தத் தடையும் இல்லை.

வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. மனைவியின் பெயரை எழுதி, போஸ்ட் ரெஸ்டான்ட் என்று குறித்து, தலைமை அஞ்சலகத்துக்கு அனுப்பலாம். தூத்துக்குடிக்கு 628001. அவர் அடையாள அட்டை காட்டி வாங்கிக்கொள்வார். ஆனால் என் சொந்தக் கருத்து, கீழக்கரை அம்மா சொன்ன இரட்டைத் தாள் இதைவிட நல்லது. வீட்டுக்குத் தெரியாமல் அஞ்சலகம் போய் வருவது புதுப்பெண்ணுக்குச் சுமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. எல்லா நாட்டிலும் தபால் பெட்டி இருக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். டென்மார்க்கில் 1624 முதல் நடந்துவந்த கடிதப் பட்டுவாடாவை அரசு அஞ்சல் நிறுவனம் 2025 இறுதியோடு நிறுத்திவிட்டது. தெருவிலிருந்த சிவப்புப் பெட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். அங்கே இப்போது கடிதம் தனியார் நிறுவனம் வழியாகத்தான் போகிறது. எழுத நினைப்பவர்கள் எழுதிவிடுங்கள்.

பீசா_ஆய்வாளர்

இங்கே எல்லோரும் கணவர் வெளியூர், மனைவி ஊரில் என்றே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் மாற்றி. ஆய்வுக்காக இத்தாலியில் இருக்கிறேன், கணவர் கோவையில். அவருக்குக் கடிதம் எழுதுவது நான். ஆண்களுக்குக் கடிதம் வேண்டியதில்லை என்று நினைக்காதீர்கள். என் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போகிறாராம். அவருடைய அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இத்தாலி வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நினைவுப்பொருள் கடைகளில் தனியார் அஞ்சல் நிறுவனங்களின் தபால்தலையும் விற்கும். அதை ஒட்டிய கடிதத்தை அந்த நிறுவனத்தின் பெட்டியில்தான் போட வேண்டும். அரசின் சிவப்புப் பெட்டியில் போட்டால் போகாது. அரசுத் தபால்தலை, வாசலில் 'டி' என்ற எழுத்து தொங்கும் புகையிலைக் கடைகளில் கிடைக்கும். வத்திக்கானுக்குத் தனித் தபால்தலை, தனிப் பெட்டி. இரண்டையும் கலக்கக் கூடாது. ரோம் போகும்போது வத்திக்கானிலிருந்து அனுப்பினேன், அந்த முத்திரைக்காகவே.

நங்கூரம்

எல்லோருக்கும் நன்றி. கடலோரத்தாள் அக்கா சொன்னபடி அப்பாவுக்கு முதலில் ஒரு தாள் எழுதினேன். எழுதும்போதுதான் அவருக்கும் நான் எழுதியதே இல்லை என்பது உறைத்தது. இப்போது மனைவிக்குத் தொடங்கியிருக்கிறேன். எப்படி அழைப்பது என்பதிலேயே நிற்கிறேன். "அன்புள்ள மனைவிக்கு" என்று எழுதினால் விண்ணப்பம் மாதிரி இருக்கிறது. வேறு எப்படி எழுதினாலும் கூச்சமாக இருக்கிறது.

பீசா_ஆய்வாளர்

கூச்சப்படாதீர்கள். 1901-இல் காசியிலிருந்து செல்லம்மாளுக்கு எழுதிய கடிதத்தைப் பாரதி "எனதருமைக் காதலி" என்றுதான் தொடங்குகிறார். அதே வரியில் பழைய வழக்கப்படி ஆசீர்வாதமும் இருக்கிறது. காதலும் ஆசீர்வாதமும் ஒரே மூச்சில். கடிதத்தின் விஷயமோ மிகச் சாதாரணம்: கணவரைப் பற்றி யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்துபோன மனைவிக்குத் தைரியம் சொல்வது, கவலைப்படும் நேரத்தில் தமிழ் படி என்று சொல்வது. நீங்கள் வீட்டில் அவரைத் தனியாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அந்தப் பெயரையே எழுதுங்கள். எங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

ரொறன்ரோ_பனை

யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் இருக்கிறேன். போர்க்காலத்தில், 1990 முதல் எங்கள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை, தொலைபேசி இருக்கவில்லை. அப்போது கணவர் இங்கே, நான் அங்கே. கடிதம் கொழும்பைத் தாண்டி வர வாரங்களும் ஆகும், மாதங்களும் ஆகும். வழியில் யாரும் பிரித்துப் படிக்கலாம் என்பதால் அரசியலும் எழுத முடியாது, ஊர் நிலைமையும் எழுத முடியாது. செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுபோகும் குடும்பச் செய்தித் தாளும் மூடாத தாள்தான். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம்.

அதனால் நாங்கள் முருங்கை காய்த்ததை எழுதினோம், கிணற்றில் நீர் எவ்வளவு நிற்கிறது என்று எழுதினோம். அவர் இங்கிருந்து பனி எப்படிக் கொட்டுகிறது, பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எழுதுவார். பிரித்துப் படித்தவர்களுக்கு அதில் ஒன்றும் இருந்திராது. எனக்கு அதிலேயே எல்லாம் இருந்தது. கரையில்_நான் தங்கச்சி சின்ன விஷயங்களை எழுதச் சொன்னது எவ்வளவு உண்மை என்பதற்காக இதை எழுதினேன்.

ரைன்கரை

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். மின்னஞ்சல் பற்றி நான் சொன்னதை முழுவதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உடனே பதில் வேண்டிய நாட்கள் உண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடிதம் உதவாது. ஆனால் பதிலே எதிர்பார்க்காத எழுத்து என்று ஒன்று இருக்கிறது. எங்கள் மின்னஞ்சல்கள் எல்லாம் ஏதாவது ஒரு கேள்வியில் முடிகின்றன என்பதை இப்போதுதான் கவனித்தேன். இந்த வார இறுதியில் தாள் வாங்கப் போகிறேன்.

நங்கூரம்

கடிதம் முடிந்தது. புயல் இல்லை, நல்ல கடல்தான். நடு இரவு வாட்ச், கூட நிற்கும் பிலிப்பைன்ஸ் மாலுமி, அவர் தன் மகளுக்குப் பாடும் பாட்டு, அட்சரேகை எல்லாம் எழுதினேன். வீட்டுக் கடனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சீனாவில் ஏஜென்டிடம் கொடுப்பேன். கடைசியாக ஒன்று. அவள் பதில் எழுதினால் எனக்கு எப்படி வந்து சேரும்?

கேப்டன்_ஓய்வு

இரண்டு வழி. அடுத்த துறைமுகம் உறுதியானதும் அங்குள்ள ஏஜென்டின் முகவரியை அனுப்புங்கள். உறையில் உங்கள் பெயர், பதவி, கீழே கப்பல் பெயர், அதற்குக் கீழே ஏஜென்ட் முகவரி. கப்பல் வருவதற்குக் குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்பே உங்கள் மனைவி தபாலில் சேர்த்துவிட வேண்டும். இரும்புத்தாதுக் கப்பலுக்குப் பயணத்திட்டம் திடீரென மாறும், அதனால் இது தவறவும் கூடும்.

அதைவிட நல்லது, உங்கள் கப்பலில் அடுத்துச் சேர வரும் இந்திய மாலுமி யார் என்று நிறுவனத்தின் அலுவலகத்தில் கேளுங்கள். அவர் விமானம் ஏறும் முன் கடிதம் அவர் கைக்குப் போக வேண்டும். கையில் கொண்டுவரும் கடிதத்துக்குத் தபால்தலையும் வேண்டாம், ஏஜென்டும் வேண்டாம். உங்கள் மனைவி உறையை நன்றாக ஒட்டிக் கொடுத்தால் போதும்.